ரிச்சி தெரு ஸ்க்ரூடிரைவர் செட்: மூன்று மாதம் கழித்து

மகனுக்கு 9 வயது, ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு) உண்டு. எதைக் கண்டாலும் கழற்றுவான். திட்டி அலுத்துப்போய், சரி, அந்தக் கையையே வளர்ப்போம் என்று சென்னை ரிச்சி தெருவில் இந்த 24 முனை செட்டை 350 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டுப்பாடத்துக்குப் பத்து நிமிடம் உட்காராதவன், பழைய டேபிள் ஃபேனோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தான்! பிடித்ததில் இப்படி மூழ்குவதும் ஏ.டி.எச்.டி.யில் உண்டு என்று டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை.

முனையில் காந்தம் இருப்பதால் ஸ்க்ரூ விழுந்து தொலைவதில்லை. அவனுக்குக் கோபமும் வருவதில்லை. ஆனால் சின்ன ஸ்டார் முனை ஒரே வாரத்தில் தேய்ந்தது, கடைக்காரர் மாற்றித் தரவில்லை. அப்புறம், மைக்ரோவேவ் பக்கம் மட்டும் விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே மின்சாரம் தங்கும்.

மிக்ஸியை இன்னும் திரும்ப மாட்டவில்லை. அம்மியில்தான் சட்னி.