டப்பாவா, டின்னா, கொள்கலனா?

பொருளைப் போட்டு மூடிவைக்கும் கலத்துக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இல்லை. ஆனாலும் வாயில் முதலில் வருவது டப்பாதான். அது வந்தேறிச் சொல் என்பதை முதல் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியக் காலத்து விதி. டின்னும் அதே விதியில் மாட்டிக்கொள்கிறது.

டப்பா இந்தியிலும் மராத்தியிலும் வழங்கும் சொல். மும்பையில் சாப்பாட்டு அடுக்கைச் சுமந்து செல்பவர் டப்பாவாலா. வடக்கே ரயில் பெட்டிக்கும் இந்தச் சொல் உண்டு. தமிழ் அந்தப் பொருளை எடுத்துக்கொள்ளவில்லை, ரயிலுக்குத்தான் நம்மிடம் பெட்டி இருந்ததே! ஆனால் டப்பியைச் சேர்த்தே வாங்கிக்கொண்டோம். ஆகாரத்தில் முடிந்தால் பெரியது, ஈகாரத்தில் முடிந்தால் சிறியது என்பது இந்திக்காரர் வழக்கம். தமிழில் அப்படி இலக்கணம் கிடையாது. இருந்தும் மூக்குப்பொடிக்கு டப்பி, பருப்புக்கு டப்பா என்று பிசகாமல் பிரிக்கிறோம். ஓட்டை வண்டியையும் டப்பா என்று திட்டுகிறோம். வசவாகவும் பயன்படும் அளவுக்கு ஒரு சொல் ஊறிவிட்டால், அதை அந்நியம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

டின் ஆங்கிலத்தில் வெள்ளீயத்தின் பெயர். இரும்புத் தகட்டின் மேல் பூசிய உலோகமே கலத்துக்கும் பெயராயிற்று. உணவைக் கெடாமல் அடைத்துவைக்கும் முறைக்கு பீட்டர் டுராண்ட் பிரிட்டனில் காப்புரிமை பெற்றது 1810இல். பிரிட்டனில் டின் என்பதை அமெரிக்காவில் கேன் என்கிறார்கள். நாம் இரண்டையும் வாங்கி, தகரத்தில் அடைத்தால் டின், பிளாஸ்டிக்கில் தண்ணீர் வந்தால் கேன் என்று வேலையைப் பங்கிட்டுவிட்டோம். பொருள் துல்லியம் என்று பார்த்தால் டின்னுக்கே என் வாக்கு. ஆனால் அதன் எல்லை குறுகியது: கண்ணாடிக் கலத்தை டின் என்று சொல்ல நா எழாது.

பெட்டி தெலுங்கு, கன்னடம், மலையாளத்திலும் உறவுள்ள பழஞ்சொல். இன்று அதைக் கேட்டதும் மூலையும் விளிம்பும்தான் நினைவுக்கு வருகின்றன. வட்ட வாயோடு பனையோலையில் முடைந்த பெட்டிகளை மறந்துவிட்டோம்.

கொள்கலன் இலக்கணச் சுத்தமான வினைத்தொகை. உருவம், உலோகம் எதற்கும் கட்டுப்படாதது. பாடநூலுக்கும் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புக்கும் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. சமையலறையில்தான் அதற்கு வேலையில்லை. துறைமுகச் செய்திகளில்கூட அதை ஓரங்கட்டிவிட்டு, பெட்டியின் பங்காளியான சரக்குப் பெட்டகம் வந்து நிற்கிறது.