டயர் லைட்: சென்சர் உள்ள காரா, ஏபிஎஸ் கணக்குப் போடும் காரா, மலைக்கு எது?

ஜனவரி மாத விடியலில் நுவரெலியாவில் காரை ஸ்டார்ட் செய்ததும் டயரில் காற்று குறைவு என்று சொல்லும் மஞ்சள் லைட், லாடம் போன்ற வளைவுக்குள் ஆச்சரியக்குறியோடு எரிந்தால், "குளிருக்கு அப்படித்தான், ஓட ஓட அணைந்துவிடும்" என்று பக்கத்தில் நிற்கிறவர் சொல்லிவிடுவார். பாதி சரி. மீதிப் பாதி, உங்கள் கார் எந்த வகை என்பதில் இருக்கிறது.

முதல் வகையில் ஒவ்வொரு ரிம்முக்குள்ளும் வால்வோடு ஒரு சென்சர் உட்கார்ந்து காற்றை நேரடியாக அளக்கும். பல கார்களில் எந்த டயரில் எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று எண்ணாகவே தெரியும். வெப்பநிலை 10 பாகை இறங்கினால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ குறையும், அதனால் கொழும்பு வெயிலில் காற்றடித்துவிட்டு இரவு நுவரெலியாவில் நிறுத்தினால் காலையில் இது கத்தக்கூடும். தொல்லை என்று நினைக்காதீர்கள். மூன்று டயர் 30 காட்டி ஒன்று மட்டும் 24 காட்டினால் அது குளிர் இல்லை, ஆணி.

இரண்டாவது வகையில் சக்கரத்துக்குள் ஒன்றுமே இல்லை. காற்று குறைந்த டயர் கொஞ்சம் சிறுத்து மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும், அந்த வித்தியாசத்தை ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சர் வழியே பிடிக்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் நான்கும் ஒன்றாக இறங்கினால் பெரும்பாலும் அதற்குத் தெரியாது. என்னுடைய கார் இந்த வகை. றம்பொடை வளைவுகளில் ஸ்டியரிங் கனமாக இருக்கிறதே என்று கம்பளையில் ஒரு பெற்றோல் ஷெட்டில் கேஜ் வைத்துப் பார்த்தேன்: 32 இருக்க வேண்டிய நான்கும் 23க்கும் 25க்கும் இடையில். லைட் எரியவே இல்லை! பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கியதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. இன்னொன்று, காற்றடித்த பிறகு இதை ரீசெட் செய்ய வேண்டும், காற்று குறைவாக இருக்கும்போதே ரீசெட் பட்டனை அழுத்திவிட்டால் அந்தக் குறைவையே சரியான அளவு என்று எடுத்துக்கொள்ளும்.

வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சர்களும் கிடைக்கின்றன. பழைய காருக்குப் பரவாயில்லை, ஒவ்வொரு முறை காற்றடிக்கவும் கழற்றி மாட்ட வேண்டும்.

எனக்குக் கேட்டால் மலைக்கு முதல் வகைதான். ஒரு குறை உண்டு: சென்சர் பேட்டரி 5 முதல் 10 வருடம்தான் வரும், ஜப்பானில் ஓடிய கார் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். லைட் ஒரு நிமிடம்போல மின்னிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் கோளாறு சிஸ்டத்தில் இருக்கிறது, ஆனாலும் காற்றைக் கையால் அளந்து பாருங்கள்.

எந்த வகையானாலும் ஒரு கேஜ் காரில் இருக்கட்டும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அளந்து, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு அடியுங்கள். மலையேறி வந்த சூட்டில் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிட்டால் மறுநாள் காலையில் அந்த மஞ்சள் லைட் நீங்களே வரவழைத்ததாக இருக்கும்.