மஞ்சளுக்கு எந்த வண்டி: மிளகா, ஆல்புமினா, ஸ்டெம் செல்லா?

சிங்கப்பூர் தேக்காவில் வாங்கிய மஞ்சள்தூளில் ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும், மேலே வெளிறிய மஞ்சள் நீர்தான் நிற்கும். அதே தூளைச் சூடான எண்ணெயில் போட்டால் எண்ணெய் முழுக்க நிறம் ஏறிவிடும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது, நம் ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். செடி கொடிகளிலிருந்து எடுக்கும் பல மருந்துப் பொருள்களுக்கும் இதே தலைவலி என்பதால், அவற்றை ஏற்றிச் செல்ல ஆளுக்கொரு வண்டி தேடுகிறார்கள். அதில் புதிதாகப் பேசப்படுவது ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். ‘மஞ்சளை ஸ்டெம் செல்லில் ஏற்றிப் புற்றுக்கட்டிக்கே அனுப்பலாமாம்’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டால் நம்புவதா? மற்ற வண்டிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம்.

மலிவான வழி மிளகு. 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது மனிதர்களின் ரத்தத்தில் சேர்ந்த அளவு 20 மடங்கு கூடியது. மாத்திரை டப்பாக்களில் ‘மிளகுச் சாறு சேர்த்தது’ என்று போடுவதற்கு மூலம் இதுதான். ஆனால் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்தது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, அதன் 20 மடங்குதான் இது. தவிர, பைப்பரின் குர்குமினைக் கரைப்பதில்லை, குடலும் கல்லீரலும் அதை மாற்றி வெளியேற்றும் வேலையைத் தடுக்கிறது. அந்தத் தடை மற்ற மருந்துகளையும் பாதிக்கும். அந்த மாத்திரையைச் சாப்பிடலாமா என்று சித்தி கேட்டால், ‘சித்தி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறீங்கன்னா அந்த டப்பாவைக் கொண்டுபோய் மருந்தாளர்கிட்ட காட்டிட்டு அப்புறம் சாப்பிடுங்க’ என்பதுதான் என் பதில்.

அடுத்த வழி, மூலக்கூறையே மாற்றுவது. சீனத்து மரமொன்றிலிருந்து 1966-இல் பிரித்தெடுத்த கேம்ப்டோதெசின் என்ற புற்றுநோய் எதிர்ப்புப் பொருள் கரையவே மாட்டேன் என்றது. அதைத் திருத்தி உருவாக்கிய டோப்போடெக்கான், இரினோடெக்கான் இரண்டும் 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. நல்ல வழிதான், ஆனால் எல்லா மூலக்கூறும் இப்படி வளைந்து கொடுக்காது.

பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து வளைந்து கொடுக்காத ரகம். பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்தது, 1992-இல் அனுமதி கிடைத்தது. கரைக்க வேறு வழியில்லாமல் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த க்ரிமோஃபோரையும் ஆல்கஹாலையும் சேர்த்தார்கள். அந்தக் க்ரிமோஃபோரே பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பியதால், முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்துவிட்டு மருந்தை மணிக்கணக்கில் சொட்டுச்சொட்டாக ஏற்ற வேண்டியிருந்தது. 2005-இல் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தில் மருந்தை ஒட்டிய சுமார் 130 நானோமீட்டர் துகள்கள் வந்தன, அரை மணி நேரத்தில் ஏற்றி முடித்துவிடலாம். வண்டிப் போட்டியில் இதுவரை உருப்படியாக ஜெயித்தது இதுதான் என்பேன்.

சரி, ஸ்டெம் செல்லுக்கு வருவோம். எலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுக்கும் மெசென்கைமல் என்ற ரக ஸ்டெம் செல்கள் வீக்கமும் கட்டியும் இருக்கும் இடத்தை நாடிப் போகும் குணமுள்ளவை. 2011-இல் மிலானில் ஒரு குழு இவற்றைப் பாக்லிடாக்சல் கரைசலில் ஊறவைத்துக் காட்டியது: செல்கள் மருந்தை உள்ளிழுத்தன, சாகாமல் வைத்திருந்தன, மெல்ல வெளியே விட்டன, பக்கத்திலிருந்த புற்றுசெல்களின் வளர்ச்சி அடங்கியது. வேகமாகப் பெருகும் செல்களைத்தான் பாக்லிடாக்சல் முதலில் சாய்க்கும், இவை மெதுவாகப் பெருகுபவை என்பதால் தாக்குப்பிடிக்கின்றன. மரபணுவில் கைவைக்கத் தேவையில்லை. அழகான யோசனை, ஒத்துக்கொள்கிறேன்.

இடிப்பது கணக்குதான். ஒரு செல்லின் விட்டம் 20 மைக்ரோமீட்டர் என்று வைத்தால் எடை சுமார் 4 நானோகிராம். கிலோவுக்கு 20 லட்சம் செல்கள் என்ற வழக்கமான அளவில், 60 கிலோ ஆளுக்கு 12 கோடி செல்கள். அத்தனையையும் தராசில் வைத்தால் அரை கிராம்! அதில் நூற்றில் ஒரு பங்கு மருந்து என்று தாராளமாக வைத்தாலும் 5 மில்லிகிராம்தான். பாக்லிடாக்சலை ரத்தக்குழாயில் ஏற்றும் வழக்கமான அளவு 300 மில்லிகிராம் வாக்கில் வரும், குர்குமினையோ சோதனைகளில் நாளுக்கு 8 கிராம் வரை விழுங்கவைத்திருக்கிறார்கள். அதோடு ரத்தக்குழாயில் ஏற்றிய செல்களில் பெரும்பாலானவை முதல் சுற்றிலேயே நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்ளும், அவை செல்லைவிடக் குறுகல். ஆகவே மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும் வீரியமான மருந்து, அதையும் கட்டிக்குள்ளோ பக்கத்திலோ நேராக வைக்க முடிகிற இடம், இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஸ்டெம் செல் வண்டி ஓடும். குர்குமினுக்கு இரண்டும் பொருந்தாது. 2017-இல் வந்த ஒரு விரிவான மருந்து வேதியியல் அலசல், 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும் மருந்தில்லா மாத்திரையோடு ஒப்பிட்ட, யாருக்கு எது என்று இரு தரப்புக்கும் தெரியாத இரட்டை மறைப்புச் சோதனை ஒன்றில்கூட குர்குமின் வெற்றி பெறவில்லை என்றது. சரக்கே இப்படி இருக்கும்போது வண்டியை மாற்றி என்ன செய்ய?

எனக்குப் பிடித்தது வேறொன்று. கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மையத்தில் நரம்பு மண்டலத்து ஸ்டெம் செல்லில் மருந்தை ஏற்றாமல், கார்பாக்சிலெஸ்டரேஸ் என்ற நொதியைச் சுரக்கும்படி மாற்றினார்கள். கரையக்கூடிய இரினோடெக்கானைத் தனியாக ரத்தத்தில் விடுவார்கள், கட்டிக்குப் பக்கத்தில் குடியேறிய செல்களின் நொதி அதை எஸ்என்-38 ஆக மாற்றும். அது பலமடங்கு வீரியமானது, தண்ணீரில் கரையவும் கரையாது, ஆனால் வேண்டிய இடத்திலேயே உருவாவதால் அதைச் சுமந்து வர ஆளே தேவையில்லை. சுமையின் கணக்கு இங்கே அடிபட்டுப் போகிறது.

கடைசியாக எக்சோசோம், செல்கள் வெளியே விடும் 30 முதல் 150 நானோமீட்டர் பைகள். இதில் சிங்கப்பூருக்கும் பங்குண்டு: மெசென்கைமல் செல்கள் விடும் இந்தப் பைகளே இதயத் தசையைக் காக்கின்றன என்று 2010-இல் காட்டிய குழுவில் சிங்கப்பூர் ஆய்வாளர் லிம் சாய் கியாங் இருந்தார். அதே ஆண்டு அமெரிக்கக் குழு ஒன்று குர்குமினை எக்சோசோமில் ஏற்றி எலிகளில் வீக்கம் தணிவதைப் பார்த்தது. நுரையீரலில் சிக்கும் தொல்லை முழு செல்லைவிடக் குறைவு, உள்ளே உயிரில்லாததால் பெருகிவிடுமோ என்ற பயமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் தயாரிப்பது பெரிய பாடு. ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குக் கடுமையான பாதிப்பு வந்தபின் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019-இல் எச்சரிக்கை விட்டதையும் மறக்க வேண்டாம்.

நம்மூரில் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மஞ்சள் மாத்திரை சத்துணவு மாத்திரை வகை, கடைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி தேவையில்லை. செல் சிகிச்சைகளுக்கோ 2021 மார்ச் 1 முதல் தனி விதிமுறையே இருக்கிறது. யாராவது ‘ஸ்டெம் செல் குர்குமின்’ ஊசி என்று விலை சொன்னால், முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள்.