மாவட்ட நீதிமன்றத்தின் ‘பிறீ-ட்ரயல்’: விபத்து நட்டஈடு கேட்பவருக்கு ஐந்துக்கு மூன்றரைப் புள்ளி

திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வீதி விபத்தில் கையோ காலோ முறிந்தவர் நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றப் படி ஏறினால், விளக்கத்துக்கு (சாட்சி கேட்கும் வழக்கு விசாரணைக்கு) முன்னால் இப்போது இன்னொரு கட்டம் இருக்கிறது. சட்டத்தரணிகள் வாயில் அது ‘பிறீ-ட்ரயல்’. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவைக்குள் 2017இன் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் வந்தது. 2023இன் 29ஆம் இலக்கச் சட்டம் அதை விரித்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். முன்பு விளக்க நாளன்றுதான் எழுவினா (நீதிமன்றம் தீர்க்கவேண்டிய கேள்விகள்) எழுதுவார்கள், ஏற்புகளை (எதிராளி ஒத்துக்கொள்பவற்றை) பதிவார்கள். அதற்குள் நேரம் போய் அடுத்த தவணை விழும். இப்போது அந்த வேலை முன்னுக்கே முடிகிறது. விபத்துத் திகதி, வாகன இலக்கம், காப்புறுதி, வாட்டில் கிடந்த நாட்கள் ஆகியவற்றை எதிராளி ஏற்றுக்கொண்டால் அவற்றுக்குச் சாட்சி தேடி அலையத் தேவையில்லை. இவ்வகை வழக்கில் பெரிய தலையிடி, இடமாற்றம் பெற்றுப்போன வைத்தியரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதுதான். சட்ட மருத்துவ அறிக்கை மறுப்பில்லாமல் பதிவானால் பல தவணை மிச்சம். காப்புறுதிக் கம்பனியின் சட்டத்தரணி தொகை பேச இறங்கி வருவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒன்றரைப் புள்ளி குறைவது, சுமை முழுவதும் முன்னுக்கு வந்துவிட்டதால். அந்தக் கோவையின் 93ஆம் பிரிவின்படி, பிறீ-ட்ரயலுக்கு முதலில் குறித்த நாள் வந்துவிட்டால் வழக்குரையை (கோரிக்கையை எழுதித் தாக்கல் செய்த பத்திரத்தை) திருத்துவது லேசில்லை. திருத்தாவிட்டால் பாரிய அநீதி நேரும் என்றும் தாமதம் உங்கள் பிழையல்ல என்றும் காட்டவேண்டும். தொடையில் வைத்த பிளேட்டைக் கழற்ற இரண்டாம் சத்திரசிகிச்சை வரலாம் என்று தெரிந்தும் ‘எதிர்கால வைத்தியச் செலவு’ என்று தனித் தலைப்பில் தொகை கேட்காதவர் இங்கே மாட்டிக்கொள்வார். மொத்தமாக “ஐம்பது இலட்சம்” என்று எழுதுவதும் பிழைதான். மருந்து, இழந்த வருமானம், இனி இழக்கப்போகும் வருமானம், நோவும் வேதனையும் என்று பிரித்து எழுதவேண்டும்.

வருமானத்தில்தான் நம் பக்கத்து வழக்குகள் சறுக்குகின்றன. மீன்பிடிக்காரரிடம் சம்பளச் சிட்டை ஏது? மீன் வாங்கும் வாடி முதலாளி கொடுக்கும் துண்டுதான். அதில் கிலோவும் விலையும் பென்சிலில் இருக்கும், உப்புத் தண்ணீர் பட்டு ஓரம் கரைந்திருக்கும். விபத்துக்கு முந்திய ஆறு மாதத் துண்டுகளையாவது திகதி வரிசையில் ஒட்டி, போட்டோப் பிரதி எடுத்து, மீனவர் சங்கக் கடிதத்தோடு ஆவணப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஆவணத்தை முறைப்படி நிரூபிக்கும் வேலையைக் குறைக்க 2022இல் கோவைக்குள் வந்த 154அ பிரிவை நம்பி இருக்கவேண்டாம். அந்தச் சலுகை அத்தாட்சிப்படுத்த வேண்டிய உறுதிகளுக்கு. காணி வழக்குக்காரருக்கு விருந்து, நமக்கல்ல.

இந்தத் திருத்தங்கள் தொடாத ஒன்றுதான் ஆகப் பெரிய பொறி. 1871இன் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வழக்குப் போடத் தருவது இரண்டே வருடம். “நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம்” என்று இருப்பவருக்காக அந்தக் காலம் நின்று கொடுக்காது. இடித்தது அரச வாகனமானால் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவின்படி சட்டமா அதிபருக்கு ஒரு மாத நோட்டிஸ் முதலில் போகவேண்டும். அந்த மாதத்தையும் கணக்கில் பிடியுங்கள். தனியார் வாகனமானால் வழக்குப் போட முன்போ, போட்டு 7 நாளுக்குள்ளோ காப்புறுதிக் கம்பனிக்கு நோட்டிஸ் கொடுக்கவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 106ஆம் பிரிவு அது. தவறினால் தீர்ப்பாணை கையில் இருக்கும், கம்பனி காசு தராது.

அழைப்பாணையிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘ஓப்பன் பேப்பரில்’, அதாவது பதிவுப் பெயரை மாற்றாமல், கைமாறிய ஓட்டோவின் பதிவில் பழைய சொந்தக்காரர் பெயர்தான் இருக்கும்; பதிவுத் தபால் திரும்பி வரும், அழைப்பாணையை நேரில் கொடுக்கும் நீதிமன்ற அலுவலரான பிஸ்கால் போயும் ஆளைக் காணமாட்டார். வாகனப் பதிவு விபரத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எடுத்து, அன்று ஓட்டியவரையும் சேர்த்தே வழக்குப் போடுங்கள்.

ஹெல்மெட் நாடா பூட்டாமல் போனவர் வழக்கே இல்லை என்று பயப்படவேண்டாம். 1968இன் 12ஆம் இலக்கச் சட்டப்படி பிழையின் பங்குக்கு ஏற்பத் தொகை குறையலாம், அவ்வளவுதான்.

கட்டணம் கட்ட வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்துக்குப் போகலாம். போகும்போது பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் ஆஸ்பத்திரி தந்த டயக்னோசிஸ் அட்டையும் கையோடு இருக்கட்டும்.