100 மில்லிகிராம் சிவப்புப் பொடி: வாங்கலாமா?

பிளாட்டினம் ஆக்டாஎத்தில்போர்ஃபைரின். சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் எங்கள் லேபில் பிடிஓஇபி என்போம். ஆர்கானிக் (கார்பன் சேர்மங்களால் ஆன) சோலார் செல்லுக்குள் ட்ரிப்லெட் என்ன செய்கிறது என்று பார்க்க 100 மில்லிகிராம் வாங்கினேன். ட்ரிப்லெட் என்பது ஒளி பட்ட மூலக்கூறு போய் உட்காரும், ஆயுள் நீண்ட ஓர் ஆற்றல் நிலை. விற்றவர்கள் பெயர் வேண்டாம். அவர்களோடு இன்னும் ஒரு பில் பாக்கி இருக்கிறது.

முதலில் புலம்பலை முடித்துவிடுகிறேன். வந்து சேர ஏழு வாரம். பழுப்புக் கண்ணாடிக் குப்பி, அது சரி. ஆனால் பொடி முழுக்க மூடியிலும் சுவரிலும் அப்பிக்கொண்டு, ஸ்பேட்டுலாவை நீட்டினால் அதிலும் தாவி ஒட்டியது. சுரண்டி எடுத்து நிறுத்தால் 91தான். தங்கத்தைவிட அதிக விலை கொடுத்துவிட்டு மீதி 9 மில்லிகிராமை விட மனசு வருமா? டொலுயீன் ஊற்றிக் குப்பியையே கழுவி, அந்தச் சிவப்புக் கரைசலை எடுத்து வைத்தேன்.

வைத்தது நல்லதாகப் போயிற்று. விளக்கை அணைத்துவிட்டு அதன்மேல் புற ஊதா டார்ச் அடித்தால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. பத்து நிமிடம் நைட்ரஜனைக் குமிழ விட்டு மறுபடி அடித்தால், ஊதிவிட்ட கங்கு மாதிரிச் சிவக்கிறது! மூடியைத் திறந்து குலுக்கினால் மங்கிவிடும். காற்றிலிருந்து கரையும் ஆக்ஸிஜன் ட்ரிப்லெட்டின் ஆற்றலைப் பிடுங்கிக்கொள்கிறது. ஆக்ஸிஜனை அளக்கும் சென்சார்களில் இந்தப் பொருளைப் போடுவதும் இதற்காகத்தான். எம்.எஸ்சி. மாணவிகள் "அக்கா, இன்னொரு தடவை" என்று கேட்டுக் கேட்டே ஒரு மத்தியானம் போனது.

அப்புறம் செல். ஆர்கானிக் பொருளில் ஒளி பட்டதும் எலக்ட்ரானும் அது விட்டுவந்த துளையும் பிரியாமல் ஜோடியாகவே திரியும். சாதாரண ஜோடிக்கு ஆயுள் நானோ விநாடிக் கணக்கு. 10 நானோமீட்டர் போவதற்குள் பெரும்பாலும் கதை முடிந்துவிடும். பிளாட்டினம் கனமான அணு. அது எலக்ட்ரானின் சுழற்சியை (ஸ்பின்) மாற்றி ஜோடியை ட்ரிப்லெட் ஆக்கிவிடுகிறது. அங்கிருந்து கீழே இறங்க வழி எளிதில் கிடைக்காது என்பதால் மைக்ரோ விநாடிக் கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதற்குள், எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் பந்து வடிவக் கார்பன் மூலக்கூறான சி60 அடுக்கின் எல்லையை எட்டிப் பிரிந்துவிடும் என்பதுதான் கணக்கு. 2005இல் யாங் ஷாவோவும் யாங் யாங்கும் இந்தப் பொடியையும் சி60யையும் அடுக்கிச் செல் செய்தே காட்டினார்கள்.

என் கையில் அது அரைகுறையாகத்தான் பலித்தது. லேபிளில் 98 சதவீதச் சுத்தம். வெற்றிட அறையில் சூடாக்கியபோது பொடி தெறித்து, கண்ணாடியில் புள்ளி புள்ளியாக விழுந்தது. ஒருமுறை பதங்கமாக்கிச் சுத்தம் செய்த பிறகே படலம் ஒரே நிறமாக வந்தது. அதிலும் கொஞ்சம் பொடி போயிற்று. ஆயுள் கூடினால் நடையும் அதே அளவு கூடும் என்றும் நினைக்க வேண்டாம். மூலக்கூறுகள் ஒன்றையொன்று உரசுகிற நெருக்கத்தில் இருந்தால்தான் ட்ரிப்லெட் தாவும். 535 நானோமீட்டரில் விழுங்கிய ஒளி 645 பக்கம் வெளியே வருகிறது; சுமார் 0.4 எலக்ட்ரான் வோல்ட் வாசலிலேயே காலி.

இப்போது ஒய்6 என்ற, எலக்ட்ரானை வாங்கும் மூலக்கூறை வைத்துச் செல் செய்கிறவர்கள் ட்ரிப்லெட் என்றாலே முகம் சுளிப்பார்கள். நியாயம்தான். எலக்ட்ரானைக் கொடுக்கும் பாலிமரான பிஎம்6, ஒய்6 கலவையில், மின்னோட்டத்தை வெளியே எடுக்காத திறந்த சுற்றில் வீணாகும் மின்னேற்றங்களில் சுமார் 90 சதவீதம் ஒளி உமிழாத ட்ரிப்லெட் வழியாகவே போகிறது என்று 2021இல் கேம்பிரிட்ஜ் குழு காட்டியது. நான் காசு கொடுத்து வாங்கியதை அவர்கள் விரட்டப் பார்க்கிறார்கள்.

ஆகவே, செல்லின் திறன் எண்ணைத் துரத்துகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். ட்ரிப்லெட்டைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். படலம் போடுவதாக இருந்தால் பதங்கமாக்கிய சரக்கையே கேளுங்கள், கூடுதல் காசு வீண்போகாது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அதில் இரண்டு அந்தக் குப்பி கழுவிய கரைசலுக்கு.