ஃபைனான்ஸுக்கு மாற எம்பிஏ: சென்னை கன்சல்டன்சியில் முழு பேக்கேஜ் எடுத்த அனுபவம்

ஐடியில் இருந்து ஃபைனான்ஸுக்கு மாற வேண்டும், அதற்கு எம்பிஏதான் வழி என்று முடிவு செய்தவர்களுக்காக எழுதுகிறேன். சென்னையில் ஒரு அட்மிஷன் கன்சல்டன்சியில் முழு பேக்கேஜ் எடுத்தேன். பெயர் வேண்டாம், இந்தத் தொழிலில் பலரும் இதையேதான் விற்கிறார்கள். கல்லூரிப் பட்டியல், கட்டுரைகள், ரெஸ்யூமே, மாதிரி நேர்காணல், அப்புறம் ஃபைனான்ஸில் வேலை பார்த்த ஒரு மென்ட்டருடன் பேசும் வாய்ப்பு, எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். அந்த மூன்றும் மென்ட்டருக்குத்தான்.

கல்லூரிப் பட்டியலை ரேங்கிங்கையும் என் ஜிமேட் (எம்பிஏ நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணையும் மட்டும் வைத்துப் போட்டார்கள். இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் (கம்பெனிகள் பணம் திரட்டவும் ஒன்றையொன்று வாங்கவும் உதவும் வங்கி வேலை) என்று முதல் நாளே சொல்லியிருந்தும் அதில் பாதிக்குமேல் ஒரு வருடப் படிப்புகள். வேறு துறையிலிருந்து வருகிறவரைப் பெரிய வங்கிகள் பெரும்பாலும் கோடை இன்டர்ன்ஷிப்பில் வேலை வாங்கிப் பார்த்துத்தான் எடுக்கின்றன, ஐஎஸ்பியின் (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) ஒரு வருட பிஜிபி படிப்பில் அதற்கு இடமே இல்லை. பிரான்ஸின் இன்சியாட் கல்லூரியிலும் பத்து மாதப் படிப்புதான், ஆனால் ஜனவரியில் சேர்ந்தால் நடுவில் இன்டர்ன்ஷிப் செய்ய இடைவெளி உண்டு, ஆகஸ்டில் சேர்ந்தால் கிடையாது. அமெரிக்காவின் இரண்டு வருடப் படிப்பில் வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே வங்கிகள் கேம்பஸுக்கு வரத் தொடங்கிவிடும், அடுத்த கோடைக்கான நேர்காணல்கள் ஜனவரி வாக்கில் வந்துவிடும். அதனால் அங்கே போய் யோசித்துக்கொள்ளலாம் என்பதற்கு அவகாசமே இல்லை. இதில் ஒன்றைக்கூட கவுன்சலர் சொல்லவில்லை, எல்லாம் மென்ட்டர் சொல்லித்தான் தெரியும்.

அந்த அம்மா பல வருடம் வங்கியில், கம்பெனிகளை வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் ஆலோசனை சொல்லும் பிரிவில் இருந்தவர். எடுத்தவுடனே, "ஃபைனான்ஸ்னா எந்த ஃபைனான்ஸ்?" என்று கேட்டார். ஈக்விட்டி ரிசர்ச், கார்ப்பரேட் ஃபைனான்ஸ், ரிஸ்க், இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் ஒவ்வொன்றிலும் காலையிலிருந்து இரவு வரை உண்மையில் என்ன வேலை நடக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு ஒரு வீட்டுப்பாடம்: அசோக் லேலண்டின் ஆண்டறிக்கையை அவர்கள் தளத்திலேயே இலவசமாக இறக்கி, அதில் லாபமும் செயல்பாட்டிலிருந்து வந்த பணமும் ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார். தேய்மானம், கையிருப்புச் சரக்கு, டீலர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் இந்த வேலை எனக்குப் பிடிக்கும் என்று உறுதியானது. கட்டுரையில் எழுத உருப்படியான விஷயமும் அங்கேதான் கிடைத்தது.

கட்டுரைத் திருத்தத்துக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். நான் எழுதியதைப் பளபளப்பாக்கி, சிறுவயதிலிருந்தே எண்கள்மீது காதல் என்று நான் சொல்லாத ஒன்றைச் சேர்த்து அனுப்பினார்கள். எடுக்கச் சொன்னேன். பரிந்துரைக் கடிதத்தையும் தாங்களே எழுதித் தருகிறோம், மேனேஜர் பதிவேற்றினால் போதும் என்றார்கள், அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கல்லூரிகள் பரிந்துரைப்பவருக்கே நேராக லிங்க் அனுப்புவது அவர் மனதில் இருப்பதைக் கேட்கத்தான். மேனேஜரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஏன் மாறுகிறேன் என்று பேசினேன், அவரே எழுதினார், நன்றாகவே எழுதினார்.

ஜிமேட் கோச்சிங்கையும் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். முதலில் எம்பிஏ டாட் காமில் இலவசமாக உள்ள இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இப்போதைய தேர்வு குவான்ட் (கணக்கு), வெர்பல் (ஆங்கிலம்), டேட்டா இன்சைட்ஸ் (தரவுகளை அலசுவது) என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம், மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை. ஐடிக்காரர்கள் குவான்டிலேயே மூழ்கிவிடுகிறோம், டேட்டா இன்சைட்ஸுக்கும் அதே எடைதான்.

ஆகவே முழு பேக்கேஜ் வேண்டாம். மென்ட்டருடன் மட்டும், மணிக்கு இவ்வளவு என்று கட்டிப் பேச முடியுமா என்று கேளுங்கள், விளம்பரத்தில் இருக்காது, வற்புறுத்திக் கேட்டால் பல இடங்களில் தருகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த மென்ட்டர் எந்தப் பிரிவில் வேலை பார்த்தார் என்பதையும் கேட்டுவிடுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் முதல் சுற்று விண்ணப்பம் பெரும்பாலும் செப்டம்பரில் முடிகிறது, அதற்கு மே மாதமே பேசத் தொடங்கினால்தான் மென்ட்டரின் நேரம் கிடைக்கும், ஜூலைக்கு மேல் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள்.