வளவு வெளிச்சமும் ஒரு பழைய எக்ஸ்100 கேமராவும்: ஒன்பது வருட அனுபவம்

காரைக்குடியில் இந்தக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தால் பத்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "இன்னும் ரோல் கிடைக்குதா தம்பி?" வெள்ளி நிற உடம்பு, அதன்மேல் கறுப்புத் தோல், தலையில் திருகுகிற டயல்கள். பார்வைக்கு அந்தக்கால ஃபிலிம் கேமராவேதான். "டிஜிட்டல்தான் ஐயா" என்று பின்பக்கத் திரையைக் காட்டினால், கையில் வாங்கி டயலைத் திருகிப் பார்ப்பார்கள். திருகும்போது வரும் அந்தச் சின்னச் சத்தத்துக்கு அவர்கள் முகம் மலரும். எனக்கும் ஒன்பது வருடமாக அப்படித்தான்.

என்னிடம் இருப்பது ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100, முதல் தலைமுறை. 2010-ல் அறிவிக்கப்பட்டு 2011-ல் கடைக்கு வந்தது. இதற்குப் பிறகு வரிசையாகப் பல மாடல்கள் வந்து, 2024-ல் ஆறாவது தலைமுறையும் வந்துவிட்டது. நான் 2016-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அப்போதே அது பழைய மாடல்தான். 12.3 மெகாபிக்சல், ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார், கழற்ற முடியாத 23 மி.மீ. எஃப் 2 லென்ஸ். ஃபிலிம் கணக்கில் அது 35 மி.மீ. பேட்டரியோடு சேர்த்து அரைக் கிலோகூடக் கிடையாது.

பழைய பாணி டிஜிட்டல் கேமரா என்றால் இது மட்டும் இல்லை. 2004-லேயே எப்சன் ஆர்-டி1 வந்தது. டிஜிட்டல் கேமராவாக இருந்தும், ஃபிலிமை நகர்த்துவது போல லீவரை இழுத்து ஷட்டரை ஏற்ற வேண்டும். பேட்டரி எவ்வளவு, இன்னும் எத்தனை படம் என்பதையெல்லாம் கடிகார முள் காட்டும். 2009-ல் ஒலிம்பஸ் இ-பி1. 2013-ல் நிக்கான் டிஎஃப். டி4 கேமராவில் இருந்த அதே 16 மெகாபிக்சல் சென்சார், வீடியோ வசதியே வைக்கவில்லை. கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் நண்பர் ஒருவர் டிஎஃப் வைத்திருக்கிறார். இருட்டில் அது எடுக்கும் படத்தைப் பார்த்தால் எனக்கே ஆசை வரும். ஆனால் கனம். நாள் முழுக்க ஊர் ஊராகச் சுற்றும் எனக்கு அது ஒத்துவராது.

சரி, என் கேமராவுக்கு வருகிறேன். லென்ஸைச் சுற்றி அபெர்ச்சர் வளையம், அதாவது வெளிச்சம் நுழையும் துளையின் அளவை மாற்றுவது (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). மேலே, வெளிச்சம் எவ்வளவு நேரம் விழ வேண்டும் என்று முடிவு செய்யும் ஷட்டர் வேகத்துக்கு ஒரு டயல். கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில், படத்தை வெளிச்சமாகவோ இருட்டாகவோ ஆக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் டயல். ஆன் செய்யாமலே, கையில் வைத்துப் பார்த்தாலே எந்த அமைப்பில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வாங்கிய புதிதில் இதை ஓர் அலங்காரம் என்றுதான் நினைத்தேன். செட்டிநாட்டு வீடுகளுக்குள் போகத் தொடங்கிய பிறகுதான் இதன் அருமை தெரிந்தது.

அந்த வீடுகளில் படம் எடுத்தவர்களுக்கு அங்கே வெளிச்சம் படுத்தும் பாடு தெரியும். திண்ணையில் நல்ல வெளிச்சம். நிலைக்கதவைத் தாண்டினால் இருட்டு. வளவுக்குள், அதாவது வீட்டின் நடுவே திறந்திருக்கும் முற்றத்துக்குள் நுழைந்ததும் மேலிருந்து வெயில் கொட்டும். அதைச் சுற்றிய தாழ்வாரத்தில் மறுபடி இருட்டு. இரண்டாம் கட்டுக்குப் போனால் திரும்பவும் அதே கதை. பல வீடுகளில் முன்வாசலில் நின்றால் கதவுக்குப் பின் கதவாகப் பின்தெரு வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். அந்த ஒரு பார்வைக்குள்ளேயே நாலைந்து விதமான வெளிச்சம் இருக்கிறது.

போதாததற்கு, கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைச் சுவரும் தூணும் ஏமாற்றும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த அந்தப் பூச்சு, தடவினால் பளிங்கு மாதிரி வழுக்கும். மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பலாக ஆக்கப் பார்ப்பதால், அந்தப் பால்வெள்ளைச் சுவர் அழுக்குச் சாம்பலாக வரும். அங்கே டயலை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காகும்படி, கூட்ட வேண்டும். அடுத்த அடியில் பர்மா தேக்குத் தூண். அந்தக் கருமையைப் பார்த்த மீட்டர் எல்லாவற்றையும் வெளிறச் செய்துவிடும். அங்கே மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைக்க வேண்டும். மெனுவுக்குள் போய் இதைச் செய்துகொண்டிருந்தால் எடுக்க வந்தது கைநழுவிவிடும். இங்கே கட்டைவிரல் நகர்ந்தால் போதும். இரண்டு மூன்று வருடத்தில் கை தானாகப் பழகிவிட்டது. நிலைக்கதவைத் தாண்டும்போதே விரல் டயலுக்குப் போகும். வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்துவிட்டு, பிறகுதான் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகிறேன். இந்தக் கேமராவிடம் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இதுதான்.

வளவில் வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டுமென்றால் டைனமிக் ரேஞ்ச் அமைப்பை 400-க்கு வைக்கிறேன். வெயில் பட்ட இடம் வெளுத்துப் போகாமல் காக்கும் வசதி அது. ஆனால் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், குறைந்தது 800 இருக்க வேண்டும். பட்டப்பகலில் ஐஎஸ்ஓ 800 வைத்து அபெர்ச்சரை எஃப் 2-க்குத் திறந்தால் படம் வெள்ளைக் காகிதமாகிவிடும். ஏனென்றால் எஃப் 2-ல் இந்த லென்ஸின் ஷட்டர் 1/1000 வினாடிக்கு மேல் போகாது. ஐஎஸ்ஓவைக் குறைத்தாலும் போதாது. அந்த வெயிலுக்குத்தான் உள்ளேயே ஓர் என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி, வைத்திருக்கிறார்கள். ஒரு பொத்தானுக்கு அதை ஒதுக்கி வைத்திருக்கிறேன். அழுத்தினால் வெளிச்சம் மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறையும். வளவில் காயும் வற்றலையும் பின்னால் மங்கிப் போகும் தூண் வரிசையையும் சேர்த்து நான் எடுத்த படங்கள் எல்லாம் இந்த ஃபில்டர் கொடுத்தவைதான்.

ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் வகை. சத்தம் கிட்டத்தட்ட இல்லை. கானாடுகாத்தானில் தெரிந்த வீடு ஒன்றில் ஓர் ஆச்சி தைப்பொங்கலுக்கு முதல்நாள் நடுவீட்டுக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அனுமதி கேட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து எடுத்தேன். கோலம் முடிந்து நிமிர்ந்தவர், "எப்பப்பா எடுக்கப் போற?" என்றார். முப்பது படம் எடுத்து முடித்திருந்தேன்.

வேகத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். இது 2011-ன் கேமரா, ஆட்டோஃபோகஸும் 2011-ன் வேகம்தான். 2013-ல் வந்த 2.00 ஃபர்ம்வேர் (கேமராவின் உள்மென்பொருள்) அதைக் கொஞ்சம் முன்னேற்றி, தெளிவாக இருக்கும் விளிம்புகளை எடுத்துக்காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதியையும் சேர்த்தது. பழையது வாங்குகிறவர்கள் முதலில் அந்த ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓடுகிற குழந்தையை எடுக்க வேண்டுமென்றால் இப்போதைய கேமரா எதையாவது வாங்குங்கள்.

ஆனால் வழி இல்லாமல் இல்லை. சந்தைக்குப் போனால் அபெர்ச்சரை எஃப் 8-ல் வைத்து, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிடுவேன். ஒன்றரை மீட்டர் சுமாரிலிருந்து தெருக்கோடி வரை ஓரளவு தெளிவாக இருக்கும். அதன்பின் ஃபோகஸ் என்ற பேச்சே இல்லை. தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிப் பட்டறையிலும் இதே மாதிரிதான். கண்ணாடியை அடியில் வைத்து, அதன்மேல் அச்சை வைத்து, ஒவ்வோர் அறையிலும் ஒரு வண்ணத்தை ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே காய்ந்த கலவையைத் தூவி, ஈரக்கலவையை அப்பி மட்டம் செய்வார்கள். பூவின் முகம் கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கும். நமக்குத் தெரிவது கல்லின் முதுகுதான். வண்ணம் ஊற்றும் கை அவ்வளவு வேகம். துரத்திப் பிடிக்க முடியாது. அச்சின் விளிம்பில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பேன். ஒரு தொழிலாளி எப்படியும் அதே இடத்துக்குத்தான் கையைக் கொண்டுவருவார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அவர் கையின் தாளம் நமக்குப் பிடிபட்டுவிடும். வேகமான கேமரா இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் கிளம்பியிருப்பேன் என்று தோன்றுகிறது.

வியூஃபைண்டரைச் சொல்லாமல் விடக்கூடாது. முன்பக்கத்தில் ஒரு சின்ன லீவர். ஒருமுறை தள்ளினால் கண்ணாடி வழியாக நேரே உலகம் தெரியும், அதன்மேல் படத்தின் எல்லை வெள்ளைக் கோடாக மிதக்கும். இன்னொருமுறை தள்ளினால் மின்திரை. கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது கோட்டுக்கு வெளியே இருப்பதும் தெரியும். தூணுக்குப் பின்னாலிருந்து ஒருவர் படத்துக்குள் வரப்போகிறார் என்பது அவர் வருவதற்கு முன்னரே தெரிகிறது. தரைக்கல்லின் பூ, கதவின் பித்தளைக் குமிழ் என்று கிட்டத்தில் எடுக்கும்போது மட்டும் மின்திரைக்கு மாற வேண்டும். கண்ணாடி வழியாகத் தெரிவதும் லென்ஸ் பார்ப்பதும் கிட்டத்தில் வேறுபடும். 80 சென்டிமீட்டருக்குள் போனால், கிட்டத்தில் எடுப்பதற்கான மேக்ரோ அமைப்புக்கு மாற்றுவதையும் மறக்கக்கூடாது.

வண்ணங்களைப் பொறுத்தவரை புரோவியா, வெல்வியா, ஆஸ்டியா என்று அந்த நிறுவனத்தின் ஸ்லைடு ஃபிலிம் பெயர்களிலேயே அமைப்புகள் இருக்கின்றன. வெல்வியா ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பைக் கத்தவைக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. கல்லுக்கு புரோவியா, முகங்களுக்கு ஆஸ்டியா. மாடிக் கைப்பிடிச் சுவர்களில் நிற்கும் சுதைப் பொம்மைகளுக்குக் கறுப்புவெள்ளையில் சிவப்பு ஃபில்டர். நீலவானம் கறுத்து, கஜலட்சுமியும் துப்பாக்கி பிடித்த சிப்பாயும் தனியாக எழுந்து நிற்பார்கள். கணினியில் உட்கார்ந்து வண்ணம் திருத்துவதை நான் ஏறக்குறைய விட்டுவிட்டேன். 12 மெகாபிக்சல் போதுமா என்று கேட்பவர்களுக்கு: 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். கிட்டப்போய்ப் பார்த்தாலும் மரத்தின் ரேகை தெரிகிறது.

தொந்தரவுகளில் முதலில் பேட்டரி. கணக்குப்படி சுமார் 300 படம். நான் மூன்று வைத்திருக்கிறேன். ஒருமுறை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏதோ ஒரு கம்பெனி பேட்டரியைப் போட்டு, சித்திரை வெயிலில் அது உப்பி உள்ளேயே சிக்கிக்கொண்டது. மதுரை வரை போய்த்தான் எடுக்க முடிந்தது. பேட்டரியில் மிச்சம் பிடிக்காதீர்கள். அப்புறம் தூசி, மழை. இரண்டுக்கும் இதில் பாதுகாப்பு கிடையாது. நம் ஊர் செம்மண் புழுதிக்கு, லென்ஸின் முன்வளையத்தைக் கழற்றி அடாப்டர் போட்டு 49 மி.மீ. ஃபில்டர் ஒன்று மாட்டிவிடுவது நல்லது. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது அபெர்ச்சர் இதழ்கள் ஒழுங்காகத் திறந்து மூடுகின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். வெளிச்சமான அறைக்குள் எஃப் 2-லும் எஃப் 11-லும் ஒவ்வொரு படம் எடுத்தால் போதும். இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாக வர வேண்டும்.

ஜூம் இல்லாதது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. வீட்டின் முழு முகப்பும் வேண்டுமென்றால் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நிற்பேன். அதுவும் போதவில்லை என்றால் முழு முகப்பை விட்டுவிட்டு, ஒரு ஜன்னலை எடுப்பேன்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. இந்தக் கேமராவுக்குள்ளேயே 20 எம்பி அளவுக்கு நினைவகம் இருக்கிறது. கார்டு இல்லாவிட்டாலும் முழு அளவில் நாலு படம் எடுக்கலாம். வாங்கிய நாளிலிருந்து இது எதற்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நான் பலமுறை போய்ப் படம் எடுத்த வீட்டைப் பிரிக்கிறார்கள் என்று 2019-ல் ஒரு காலையில் செய்தி வந்தது. பங்காளிகள் பலர், எல்லோரும் வெளியூர், பராமரிக்க ஆளில்லை. பல வீடுகள் அப்படித்தான் போகின்றன. தூணும் நிலையும் கதவும் தனித்தனியாக விலைபேசப்பட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இருப்பது போன்ற பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேரும். பதறிப்போய் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கேமராவை ஆன் செய்த பிறகுதான் கார்டைக் கணினியிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.

நாலு படம். திண்ணையில் உட்கார்ந்து அரைமணி நேரம் யோசித்தேன். முதல் படம், லாரியில் படுக்கவைத்திருந்த நிலைக்கதவு, அதன் கஜலட்சுமி வானத்தைப் பார்த்தபடி. இரண்டாவது, தூண்களை எடுத்த பிறகு தாழ்வாரத் தரையில் வரிசையாகத் தெரிந்த வட்டங்கள். மூன்றாவது, ஓடு பிரித்ததால் அதுவரை வெயிலே பார்த்திராத ஓர் உள்ளறைச் சுவர். அதற்கு டயலை ஒன்றரை ஸ்டாப் கூட்டினேன். நாலாவது, முப்பது வருடத்துக்கு மேல் அந்த வீட்டைக் காவல்காத்த பெரியவர். "எப்பவும் வீட்டத்தான் எடுப்பீக, இன்னைக்கி என்னயவா?" என்று சிரித்துக்கொண்டே வளவின் நடுவில் வந்து நின்றார்.

அந்த நாலையும் கணினியில் ஏற்றி, பெரியவருக்கு அவர் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கேமராவின் உள்ளே இருப்பதை மட்டும் அழிக்கவில்லை. கார்டு போட மறந்தால் இனி ஒரு படத்துக்குக்கூட இடம் கிடையாது. அதனால் கிளம்பும் முன் கார்டு இருக்கிறதா என்று இரண்டுமுறை பார்த்துக்கொள்கிறேன்.